லைப்ரரி ஃபைல்

வெண்ணிலா படிக்கும்போது டீ போட்டுக் கொடுப்பது நான்தான், இன்ஸ்பெக்டர் மேடம். சுக்கு தட்டிப் போட்டால் அவளுக்குப் பிடிக்கும். பெண்டாட்டியை அடித்தேன், திட்டினேன் என்று எங்கள் வெள்ளக்கடை ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

செம்மநத்தத்தில் அவள் வீட்டார் விவசாயிகள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை எம்.சி.ஏ. சேர்த்துவிட்டதே நான்தான். எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். டைப் அடிக்கவும் நானே கற்றுக்கொடுத்தேன்.

கடைசி வருடம், ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவளுடைய முதல் ப்ராஜெக்ட். காப்பித் தோட்டத்தில் ஈரம் பார்க்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதை, கருவியே இல்லாமல் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பது. அதற்கு நெட்வொர்க் சிமுலேஷன் லைப்ரரி என்று ஒரு ஃபைலைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் எழுதியதெல்லாம் தப்பு என்று சிவப்புக் கோடாகிவிடும். பல நாள் திணறி ஒருவழியாகச் சேர்த்தாள்.

"ஓடுதுங்க. இத முடிச்சா பெங்களூர்ல வேலைங்க. நான் முன்னால போறனுங்க, நீங்க அப்பறமா வாங்க" என்றாள்.

அந்த 'அப்பறமா'வை நான் நம்பவில்லை. அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை, மேடம். அவள் குளிக்கப் போனபோது அந்த ஃபைலை எடுத்து மறைத்தேன். கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவள் மறுபடி சேர்த்தாள். நான் மறுபடி எடுத்தேன். சிநேகிதி சுகுணா பார்க்க வந்தால் திருப்பி வைத்துவிடுவேன். "நல்லாத்தான ஓடுது" என்று சுகுணா சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

"ஏனுங்க, நானேதான் அழிக்கறனா?"

"நொம்ப யோசிக்காத கண்ணு. உனக்கு ஞாபகம் தப்புது, அவ்வளவுதான்."

அதட்டிச் சொல்லவில்லை. தலையைத் தடவித்தான் சொன்னேன்.

பிறகு ஃபைல் மட்டும் போதவில்லை. அவள் அணைத்த கேஸை நானே திறந்துவிட்டு, கூப்பிட்டுக் காட்டினேன். அதிலிருந்து அவள் அடுப்புப் பக்கமே போவதில்லை. ப்ராஜெக்டைக் காட்ட வேண்டிய நாளில் பென்டிரைவிலிருந்தும் அந்த ஃபைலை எடுத்துவிட்டேன். வாத்தியார்கள் முன்னால் வெறும் சிவப்புக் கோடுகளோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். லேப்டாப்பைத் தொடவில்லை. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து பார்த்தால் அவள் வீட்டில் இல்லை. குப்பனூர் ரோட்டு வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் கிடந்தாள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள்?

"உழுந்தனா, குதிச்சனான்னு தெரியலீங்க. எங்க ஊட்டுக்காரரக் கேளுங்க, அவருக்கு ஞாபகம் இருக்கும்."

நீங்கள் லேப்டாப்பில் கண்டுபிடித்தவை எல்லாம் நான் மறைத்தவைதான். ஒப்புக்கொள்கிறேன். கேஸையும் திறந்தேன். ஆனால் அந்த வளைவுக்கு நான் போகவில்லை. அவளை ஒரு விரலால்கூடத் தள்ளவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம், மேடம். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துவிடும். நான் பக்கத்தில் இருந்து சொல்லாவிட்டால், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது.