பட்டனுக்கு மேலே இருந்த வரி

பெயர்: ரதி த/பெ புனிதன். வயது: 29. தொழில்: இணைய விளம்பரப் பக்கங்கள் வடிவமைப்பது. முகவரி: எண் 27, லோரோங் 3, தாமான் செரி ரம்பாய், லிங்கி, நெகிரி செம்பிலான். வாக்குமூலம் கொடுத்த நாள்: 22 ஜூலை 2024, காலை மணி 10.15. எழுதிக்கொண்டவர்: தமிழ் அறிந்த போலீஸ் சார்ஜன் தேவன். காரணம்: மயிலம்மாள் த/பெ சன்னாசி, வயது 58, இறந்தது குறித்து அவர் மகள் திலகா கொடுத்த புகார்.

நான் மேற்கண்ட முகவரியில் என் தாயாருடன் வசித்து வருகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பு பழைய தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்த இடத்தில் கட்டியது, வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. இறந்துபோன மயிலம்மாள் நான்கு வீடு தள்ளித் தனியாக இருந்தவர். உறவு கிடையாது என்றாலும் சின்ன வயது முதல் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பார். அவருக்குப் பத்து வருடத்துக்கு மேலாக இனிப்புநீர் நோய் இருந்தது எங்கள் லோரோங்கில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் 2021 முதல் மந்தினில் ஒரு கடைவீட்டின் மாடியில் தொழில் நடத்தும் கேப்ரியல் என்பவரிடம் வேலை செய்து வருகிறேன். அவருக்குச் சொந்தமாக எந்தச் சரக்கும் கிடையாது. மற்றவர்களின் சரக்குக்கு இணையத்தில் விளம்பரம் போட்டு, விற்பதற்குக் கமிஷன் வாங்குவார். ஒருவர் தன் போனில் ‘கால் புண் ஆறவில்லை’ என்று தேடினால், வருகிற பதில்களுக்கெல்லாம் மேலே எங்கள் விளம்பரம் நிற்கும். அதைத் தட்டினால் வந்து விழுகிற ஒற்றைப் பக்கத்துக்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். அதைச் செய்வதுதான் என் வேலை. அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் போக வழி வைக்கக் கூடாது, வாங்குவதற்கு ஒரே ஒரு பட்டன் மட்டும் இருக்க வேண்டும். நான் இந்த வேலையில் கெட்டிக்காரி. இதை அடக்கமில்லாமல் சொல்லக் காரணம், வழக்கே அதில்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் கேப்ரியல் கால் புண் ஆற்றும் வேர்ப்பொடி ஒன்றை விளம்பரத்துக்கு எடுத்தார். தயாரிப்பவரை நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தைச் செய்தேன். அப்போது பட்டனுக்கு நேர் மேலே, ‘புண் கறுத்தாலோ, வலி தெரியாமல் போனாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்’ என்று ஒரு வரியை நானே எழுதி வைத்தேன். என் தாயார் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த தாள் ஒன்றில் அப்படி இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, சரியென்று பட்டதால் வைத்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம் பொடி விற்கவில்லை. பக்கத்தில் இருந்த படம் வெள்ளைக்காரர் கால், பீங்கான் போல வழவழப்பாக இருந்தது. “ரதி, இந்தக் காலப் பார்த்து நம்ம ஆளு எப்படி நம்புவான்லா? வேற கால் தேடு” என்று கேப்ரியல் சொன்னார். அதன் பிறகு நான் என் போனில் இருந்த படங்களைத் தேடினேன். முந்தைய ஆண்டு கோயில் தீமிதியில் மாயாண்டி மாமா நெருப்பைக் கடந்து பால் குழியில் இறங்கி ஏறியபோது எடுத்த படம் கிடைத்தது. நெருப்பையும் ஆட்களையும் வெட்டிவிட்டுக் கணுக்காலுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் கீழே ‘உங்கள் ஊர் வாடிக்கையாளர், வயது 63’ என்று போட்டு, பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர்ப்பெயர் தானாக வந்து உட்காரும்படி செய்தேன். கோலா பிலாவில் திறந்தால் கோலா பிலா என்று காட்டும், லிங்கியில் திறந்தால் லிங்கி என்று காட்டும்.

மாயாண்டி மாமா தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்து ஓய்வு பெற்ற மண்டோர். அவருக்கு இனிப்புநீரே கிடையாது. அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. முகமா, கால்தானே, யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அவருடைய வலது கால் பெருவிரலில் பல வருடத்துக்கு முன்பு செம்பனைப் பழம் வெட்டும் உளி விழுந்து நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கிறது. எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அந்தக் காலுக்கு ஆண்டுதோறும் தீமிதியில் மஞ்சள் நீர் ஊற்றியவர்கள். இது எனக்குத் தோன்றாமல் போனது என் மடத்தனம்.

படம் மாறிய பிறகு விற்பனை ஏறியது. வாங்கியவர்களின் பெயரும் முகவரியும் நேராகப் பொடிக்காரருக்குப் போய்விடும், எங்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

பக்கத்துக்கு வருகிறவரின் விரல் எங்கே நகர்கிறது, எதைப் பெரிதாக்கிப் பார்க்கிறது என்பதை வீடியோ போலப் பதிவு செய்யும் வசதியையும் சேர்த்திருந்தேன். ஆள் யாரென்று தெரியாது. எந்த ஊர், எந்த வகைப் போன் என்பது மட்டும் தெரியும். விரல் ஒரு சிவப்புப் புள்ளியாக நகரும். இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது.

மே மாதம் 6-ஆம் தேதி முதல் லிங்கியிலிருந்து ஒரே போன் தினமும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் பக்கத்தைத் திறந்தது. பழைய போன், கண்ணாடி கீறல் விழுந்ததாக இருக்க வேண்டும், ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை தட்டும். அந்தப் புள்ளி கால் படத்துக்குப் போகும், பெருவிரலைப் பெரிதாக்கும், வெகுநேரம் அங்கேயே நிற்கும். அதன் பிறகு மெல்லக் கீழே இறங்கிப் பட்டன் வரை வரும். டாக்டரைப் பற்றிய வரியில் நிற்கும். அதன் பிறகு பக்கம் மூடிவிடும். இப்படியே இரண்டு வாரம் நடந்தது. எனக்கு அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எப்படியாவது அதைப் பட்டனைத் தட்ட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மே 20-ஆம் தேதி அந்தப் பதிவுகளைக் கேப்ரியலுக்குக் காட்டினேன். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அந்த வரிதான் ஆளைத் துரத்துகிறது என்று சொன்னவள் நான். அவர், “ஆமாலா. டாக்டர்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், கஸ்டமர் எந்திரிச்சு கிளினிக்குக்குப் போயிடுவான். தூக்கிடு” என்றார். முழுதாகத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தின் அடியில் ‘விதிமுறைகள்’ என்ற சொல்லுக்குள் மடக்கி, வெளிர் சாம்பல் நிறத்தில் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், எங்கள் தொழிலில் மறைக்கலாம். மறுநாள் மூன்று மணிக்கு அந்தப் போன் வந்தது. கால் படத்தில் நின்றது, கீழே இறங்கியது, வரி இருந்த இடத்தில் சற்று நின்றது, பட்டனைத் தட்டியது. நான் அன்று சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு ஜூன் மாத நடுவில் ஒரு நாள் மளிகைக் கடையில் மயிலம்மா அத்தையைப் பார்த்தேன். இடது காலில் கட்டுப் போட்டு, அதன் மேல் ரொட்டிப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஆண்பிள்ளைச் சிலிப்பர் போட்டிருந்தார். “என்ன அத்தை காலு? கிளினிக்ல கட்டு மாத்தலையா?” என்று கேட்டேன். “இப்ப போறதில்ல பிள்ள. மருந்து போடுறேன், ஆறிக்கிட்டு வருது. வலியே இல்ல தெரியுமா?” என்று சிரித்தார். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் நாய் அவர் காலையே மோந்துகொண்டு வாசல் வரை கூடப் போனது. வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை பார்த்தேன்.

ஜூலை 2-ஆம் தேதி பிற்பகல் அந்த லிங்கிப் போன் கடைசி முறையாகப் பக்கத்தைத் திறந்தது. அன்று கால் படத்துக்குப் போகவில்லை. நேராகக் கீழே வந்தது, மேலே போனது, மறுபடி கீழே வந்தது. இப்படிப் பதினொரு நிமிடம் ஏறி இறங்கியது. நடுவில் வெற்று இடத்தை ஒன்பது முறை தட்டியது. எதைத் தேடினார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அதன் பிறகு பட்டனைத் தட்டியது. நான் அதை இரண்டாவது ஆர்டர் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூலை 9-ஆம் தேதி திலகா வேலை முடிந்து தாயாரைப் பார்க்க வந்தபோது அவர் சமையலறையில் குளிர்க்காய்ச்சலில் கிடந்தார் என்று கேள்விப்பட்டேன். சிரம்பானில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நானும் போனேன். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டிருந்தார்கள், விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று திலகா சொன்னாள். மயிலம்மா அத்தை என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“ரதி, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே. போன்ல ஒரு மருந்துப் பக்கம் இருக்கு, நம்ம மாயாண்டி அண்ணன் காலப் போட்டிருக்காங்க. நகத்தப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. அதான் நம்பி வாங்குனேன்.”

“மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அத்தை?” என்றேன்.

“தீ மிதிச்சவர்கிட்ட காலப் பத்திக் கேப்பாங்களா? வேண்டுதல் கலஞ்சிடாது?”

இது எங்கள் கோயில் வழக்கம். பூக்குழி இறங்கியவரிடம் கால் எப்படி இருக்கிறது, மருந்து போட்டீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது அம்மனைச் சந்தேகப்படுவது. தினமும் கடைத்தெருவில் பார்க்கிற மனிதரிடம் அவர் கேட்காமல் இருந்தது அதனால்தான். நானும் அதே கோயில் ஆள்தான், அதனால் அவர் சொன்னதும் புரிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “முதல்ல அதுல ஒரு வரி இருந்துச்சு பிள்ள, கறுத்தா டாக்டரப் பாருன்னு. அதப் படிச்சித்தான் வாங்காம கிளினிக்குக்கே போயிட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் பார்த்தா வரியக் காணோம். சரி, மருந்து நல்லா வேலை செய்யுது, இனி டாக்டரு தேவையில்லன்னு எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். விரல் கறுத்தப்பக்கூடத் தேடிப் பார்த்தேன்.”

அந்தப் பக்கத்தைச் செய்தது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஜூலை 12-ஆம் தேதி விடியற்காலை இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாயாண்டி மாமா என் வீட்டுக்கு வந்தார். திலகா தன் தாயாரின் போனில் இருந்த பக்கத்தை அவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் உள்ளே வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எங்காலக் காட்டியா பிள்ள ஆளக் கொன்ன?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. என் தாயார் அழுதார். மாமா தன் காலையே குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 15-ஆம் தேதி கேப்ரியல் என்னை மந்தினுக்கு அழைத்து, அந்தப் போன் பதிவுகளை எல்லாம் அழிக்கச் சொன்னார். “நாம டாக்டர் இல்ல, மருந்து குடுக்குற போமோவும் இல்ல. விளம்பரம் போடுறவங்க. வரி கீழ இருக்குதானே? சட்டப்படி நாம கிளியர்லா” என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மே 6 முதல் ஜூலை 2 வரை உள்ள பதிவுகள் எல்லாவற்றையும் தனியாகச் சேமித்துக்கொண்டேன். அன்று மாலையே என் கடவுச்சொல்லை அவர் மாற்றிவிட்டார். பக்கம் இன்று காலை வரை திறந்தே இருக்கிறது, கால் படமும் இருக்கிறது. பதிவுகள் அடங்கிய என் மடிக்கணினியை இன்று சார்ஜனிடம் ஒப்படைத்தேன், ரசீது பெற்றுக்கொண்டேன்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கேட்ட பிறகு ஒரு வாக்கியத்தை மட்டும் அடிக்கச் சொன்னேன். ஜூலை 2-ஆம் தேதிப் பதிவைப் பற்றி, ‘எதைத் தேடினார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை’ என்று சொல்லியிருந்தேன். அது பொய். அந்த ஒன்பது தட்டலும் டாக்டர் வரி முன்பு இருந்த இடத்தில்தான் விழுந்தன. பார்த்த அன்றே எனக்குத் தெரியும், யாரோ ஒருவருக்குப் புண் கறுத்துவிட்டது என்று. அன்று என் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. வரியைத் திரும்ப மேலே வைத்தால் விற்பனை இறங்கும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் ஏழு நாள் அந்த வீட்டில் இருந்தார்.

அடித்த வாக்கியத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை யாவும் நடந்தபடியே சொன்னவை, மிரட்டியோ ஆசை காட்டியோ யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)
ரதி த/பெ புனிதன்