பன்னிரண்டாவது கம்பி

– இன்னொரு தடவை அளந்து பாரேன் மிர்த்தா. சில சமயம் மீட்டரே பொய் சொல்லும்.

– நாலு தடவை பார்த்துட்டேன் டுலியோ. கம்பி செத்துடுச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் மாடிப்படி மாதிரி படிப்படியா ஏறிச்சு. இப்ப ஒரு எலக்ட்ரான்கூட அந்தப் பக்கம் போகல.

– அட போ ஒல்லி, பன்னெண்டு கம்பி வந்துச்சுல்ல?

– இதுதான் பன்னெண்டாவது.

– லுஹான் மாதாவே! டாக்டர் பஸுவால்தோ எப்ப வர்றார்?

– மூணு மணி விமானத்துல வர்றதா இருந்துச்சு. அந்தப் படிகளைக் கண்ணால பார்த்தாத்தான் என் உதவித்தொகையை இன்னொரு வருஷம் நீட்டுவேன்னு சொல்லியிருந்தார்.

– நேத்து எடுத்த வரைபடத்தைக் காட்டேன்.

– அது ஒரே நடுக்கம். பம்போட அதிர்வு கேபிள் வழியா ஏறுது. இன்னிக்குச் சுத்தமா எடுத்துரலாம்னு இருந்தேன்.

– எப்படித்தான் செத்துச்சாம்?

– பிளக்கைத் தொடறதுக்கு முன்னாடி, உடம்புல சேர்ந்த மின்சாரம் இறங்க செம்புத் தகட்டைத் தொட மறந்திருப்பேன். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசு அது. கையிலேர்ந்து ஒரு பொறி பாய்ஞ்சா போதும்.

– நீயா மறந்தே? வீட்டுக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடிகூடச் செம்பைத் தேடறவ நீ!

– பரிலோச்சே குளிர்ல யாருக்கும் நடக்கும். மாத்தே டீ ஊத்து. டேய், பாத்து! பாதி மேசையில ஊத்தறே.

– ஒல்லி, கேளு. கம்பியைக் குளிர வைக்கற ஹீலியம் தீர்ந்து சூடேறிப் போச்சுன்னு சொல்லிரு. ஹீலியம் என் பொறுப்புதானே, பழி என் தலையில விழட்டும்.

– வெள்ளிக்கிழமை உன் வேலையை நிரந்தரம் பண்ற கூட்டம். பதினோரு வருஷமா அதுக்குக் காத்துக் கிடக்கறே. வாயை மூடிக்கிட்டு இரு குண்டா.

– எப்படி இருக்கறது! கொன்னது நான்தான் ஒல்லி. காலைல ஏழு மணிக்கு. ஹீட்டர் வேலை செய்யல, பல்லு தந்தியடிச்சுது. பொறி கிளப்பற கம்பளி ஸ்வெட்டரை வாசல்லயே ஆணியில மாட்டிட்டுத்தான் உள்ள வரணும்னு எனக்குத் தெரியாதா? போட்டுக்கிட்டே வந்துட்டேன். நடுங்குது நடுங்குதுன்னு நேத்து புலம்பினியே, கேபிளைப் பம்பு பக்கத்திலேர்ந்து பிடுங்கி இந்தப் பக்கம் செருகிட்டா நின்னுடும்னு நினைச்சேன். விரல்ல சுள்ளுன்னுச்சு. அப்பவே எனக்கு உசிரு போயிடுச்சு.

– குடிச்சிட்டுக் குடு, அடுத்தது என் முறை.

– நான் என்ன சொல்றேன், நீ மாத்தே கேக்கறே! நாலு வார்த்தை திட்டித் தொலையேன். டாக்டர் வந்ததும் நானே அவர்கிட்ட சொல்லிடறேன்.

– வரல. எட்டு மணிக்கே போன் பண்ணி, நான்தான் தொட்டேன்னு சொல்லிட்டேன். டிக்கெட்டை ரத்து பண்ணிட்டார்.

– ஐயையோ, பைத்தியக்காரி! எட்டு மணிக்கு உனக்கு எதுவுமே தெரியாதே?

– பிளக்ல பச்சை நூல் சிக்கியிருந்துச்சு. உன் பிறந்தநாளுக்கு அந்த ஸ்வெட்டரைப் பின்னினவ நான்தானே, குண்டா.