நூத்தி எம்பத்தி நாலு

அந்த ஸ்டூலு வேணாம்மா, ஆடும். இங்க வா, மிஷின் பக்கத்துல ஒக்காரு. அந்தச் சத்தமா? வேக்குவம் பம்பு. ஓடிக்கினேதான் இருக்கும். உள்ள காத்து இருந்துச்சின்னா நம்ம சரக்கு அதுல மோதி வழியிலயே காணாப் போய்டும்.

காலேஜுல படத்துலதான் பாத்தியா? வர்றவங்க எல்லாம் அதான் சொல்றாங்க. பரவால்ல பிரிஸ்கில்லா. இந்தத் தோல் கம்பெனிக்கு வந்த நாள்லேருந்து லேப் மேனேஜர் நான்தான், நானே சொல்லித் தர்றேன். மொதல்ல தோலைப் பொடிசா நறுக்கணும். அதுல ஏறியிருக்கற சாயத்தை ஒடைச்சி, சால்வென்ட்ல எறக்கி, ஒரு சொட்டு ஊசியில ஏத்தணும். சூட்டுல ஆவியாய்டும். இந்த நீளக் கொழாய்ல ஒண்ணொண்ணா பிரிஞ்சி வந்து இங்க விழும். இதான் சோர்ஸ். உள்ள ஒரு கம்பி பழுத்துக்கினு இருக்கும். அதுலேருந்து எலக்ட்ரான் பாஞ்சி வந்து மூலக்கூறை அடிக்கும். அந்த அடியில அதோட எலக்ட்ரான் ஒண்ணு தெறிச்சிடும், அதுக்கு சார்ஜ் வந்துடும்.

ஏன் அடிக்கணும்ன்றியா? நல்லா கேட்ட. சும்மா இருக்கற மூலக்கூறை இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. சார்ஜ் ஏறினாத்தான் நம்ம சொன்ன பக்கம் போவும். அடி தாங்காதது துண்டு துண்டா ஒடையும். எல்லாத்தையும் இந்த நாலு கம்பிக்கு நடுவுல ஓட விடுவோம். வோல்டேஜை மாத்த மாத்த, ஒரு நேரத்துல ஒரு எடைதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். மத்ததெல்லாம் கம்பியில முட்டி ஒழிஞ்சி போய்டும். ஆமாமா, சார்ஜால வகுத்த எடை. சரியாத்தான் சொல்ற. கடைசில டிடெக்டர் எண்ணும், எந்த எடையில எவ்ளோன்னு. அவ்ளோதான் மிஷினு, எடையை வச்சி எந்தச் சரக்குன்னு சொல்லிடும்.

இந்த ஸ்கிரீனைப் பாரு. நூத்தி எம்பத்தி நாலுல ஒசரமா நிக்குதே, அது பென்சிடின். தடை பண்ணின சாயத்தை ஒடைச்சா வர்றது. கேன்சர் வரும்னு, இது இருந்தா வெளிநாட்டுக்காரன் சரக்கையே வாங்க மாட்டான். கூட நிக்கற குட்டிக் கோடுங்க அதோட ஒடைஞ்ச துண்டுங்க. கைரேகை மாரி, வேற எதுக்கும் இப்பிடி வராது.

யாரு ஓட்டினதா? உனக்கு முன்னாடி இந்த சீட்டுல இருந்த பையன், ரிச்சர்டு. வாலாஜாபேட்டைக்காரன். மிஷினைத் தொடைச்சிக்கினே இருப்பான், பெத்த பிள்ளை மாரி. கொழந்தைங்க ஷூவுக்கு உள்பக்கம் வச்சி தைக்கற கறுப்பு லைனிங்ல இதைப் பாத்துட்டு எங்கிட்ட ஓடி வந்தான். மறுபடி ஓட்டுன்னேன். ஓட்டினான், அதேதான். சோர்ஸ் அழுக்கா இருக்கும்னேன். கழட்டி, பவுடர் போட்டுத் தேச்சி, காய வச்சி மாட்டினான். சுத்தமான பென்சிடினை வாங்கி அதையும் பக்கத்துல ஓட்டினான். அதே நிமிஷத்துல வருது, அதே துண்டுங்க. ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் குடுடான்னு சொன்னேன். கொழந்தைங்க கால் வேர்க்கும் சார்னான். அவ்ளோதான் சொன்னான்.

சேச்சே, வேலையை விட்டுத் தூக்கல. தூக்கினா வெளிய போய் பேசுவான் இல்ல? லேப் சாவியை வாங்கிக்கினு பச்சைத் தோல் குடோனுக்கு அனுப்பிச்சேன். உப்புத் தோலைப் பெரட்டிப் போடற வேலை. வெயில் காலம் வேற. அந்த நாத்தம் உனக்குத் தெரியாது, குளிச்சாலும் போவாது. சர்ச்சுல அவன் ஒக்கார்ற பெஞ்சியில ஆளுங்க தள்ளி ஒக்காந்தாங்களாம். அவன் சம்சாரம் கிரேஸி, நர்ஸு, வந்து அழுதுச்சி. டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன்.

அப்பவும் அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடல. அப்புறம்தான் சால்வென்ட் திருடி வித்தான்னு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட். அடியெல்லாம் இல்லம்மா. கூப்பிட்டு பெஞ்சியில ஒக்கார வைப்பாங்க, சாயங்காலம் அனுப்பிடுவாங்க. மறுநாள் மறுபடி கூப்பிடுவாங்க. அதுலயே ஆளு பாதியாய்ட்டான்.

ஒரு நாள் காலைல இந்த வாசல்ல வந்து நின்னான். சார், மிஷின்ல நான்தான் தப்பா பாத்துட்டேன், அப்பிடியே சொல்லிடறேன், என்னை விட்ருங்கன்னான். வேணாம் ரிச்சர்டு, திருடன் சொல்றதை யாரு நம்புவாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னா பாக்கற? இப்ப குடியாத்தத்துல தீப்பெட்டிக் கம்பெனியில இருக்கான். எந்த லேப்லயும் சேத்துக்கல. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்துட்டு ஓடிப் போய் ஓடற பஸ்ஸுல ஏறினான். எந்த ஊரு பஸ்ஸுன்னு கூட பாக்கல.

அந்தச் சாயமா? ஓடுது. கம்மி வெலை, கறுப்பு நல்லா ஏறுது, முதலாளி ஏன் விடுவாரு. இன்னிக்கி ஓட்டப் போறதும் அந்த லைனிங்தான். நூத்தி எம்பத்தி நாலு வரும். நீ இல்லன்னு குடுக்கணும்.

எழுந்திருக்காத. ஒக்காரு. இந்த வேலைக்கு வந்ததுல பாதிப் பேருக்கு உன்னைவிட மார்க் ஜாஸ்தி. உன்னை ஏன் எடுத்தேன்னு நெனச்ச? ரிச்சர்டு விஷயத்துல நாங்க பண்ணின தப்பு ஒண்ணுதான். அவனுக்கு வேண்டியவன் ஒருத்தனும் நம்ம காம்பவுண்டுக்குள்ள இல்ல. உங்க அப்பா கிருபானந்தம் நம்ம தோலுக்குச் சாயம் ஏத்தற டிரம்முகிட்டதானே நிக்கறாரு. கறுப்பு டிரம்மு. நல்ல மனுஷன், கையுறை கூட கேட்டதில்ல.

பத்து நாளா ஒண்ணுக்குல ரத்தம் போவுதுன்னு எங்கிட்ட வந்து சொன்னாரு. உங்கிட்ட சொல்லலையா? பொண்ணுக்குத் தெரிய வேணாம் சார், இப்பத்தான் வேலை கெடச்சிருக்கு, சந்தோசமா இருக்குன்னாரு. இந்தச் சரக்கு போய் ஒக்கார்ற எடம் மூத்திரப்பைதான்மா, நீ படிச்சிருப்ப. சீக்கிரம் பாத்தா பொழைக்கலாம்ன்றாங்க. முதலாளி ஒரு போன் பண்ணினா வேலூர்ல பெரிய டாக்டரு நாளைக்கே பாப்பாரு. பண்ணட்டுமா சுந்தரமூர்த்தின்னு காலைலதான் என்னைக் கேட்டாரு.

பிரிஸ்கில்லா மொத ரிப்போர்ட் குடுக்கட்டும் சார், அப்புறம் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஊசியை நேராப் புடிம்மா.