இடப்பக்கத்துச் சீட்டு

எந்தச் சாமான் வாங்கப் போனாலும் நாலு கடை ஏறி இறங்காமல் நான் வாங்க மாட்டேன். வில்லியனூர் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் என்னைத் தூரத்தில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உங்கள் மேசைமேல் கிடக்கிறதே இன்ஸ்பெக்டர் ஐயா, அந்தக் கருவியையும் நான்தான் வாங்கினேன். தான் வாங்கியதாக என் தம்பி சவரிநாதன் சொல்லியிருப்பான். அவன் எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் நான் உடைத்த பானைக்கும் அவன்தான் அப்பாவிடம் அடி வாங்குவான்.

அவனைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தாள். நான்தான் வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன், அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் மில்லில் மெக்கானிக்காகச் சேர்ந்தபிறகும் சாப்பாட்டில் மீன் முள்ளை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு பிள்ளை.

சொந்தமாகக் கார் கட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் பைத்தியம். எங்கிருந்தோ ஒரு பழைய காரின் அடிச்சட்டத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கினான். அலுமினியத் தகட்டை அவனே வெட்டினான், வளைத்தான். ஊரே வேலியோரம் நின்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் தோட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டால் எனக்கு வீடு நிறைந்த மாதிரி இருக்கும்.

பிறகு ஆரோக்கிய செல்வியைக் கட்டிக்கொண்டான். அரியாங்குப்பத்துப் பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். அரிசியை நாலு தண்ணீர் கழுவுவாள், எண்ணெயைக் கை தாராளமாக ஊற்றுவாள், அவ்வளவுதான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, இவருக்கு நெய்வேலியில வேலை கெடச்சிருக்கு. வண்டி முடிஞ்சதும் அதுலயே சட்டி பானை ஏத்திக்கினு போயிடலாம்னு இருக்கோம்." சவரி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். நான் ரசம் ஊற்றினேன்.

அந்த வாரம்தான் கருவி வேண்டும் என்றான். ஓட்டுகிறவன் சீட்டுக்கு அடியில் கை போகும், மேலிருந்து போல்ட்டைச் சொருகிக் கீழே நட்டைப் பிடித்து முறுக்கிவிட்டான். இடப்பக்கத்துச் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், கை போகாது. அதற்கு ஒரு வகை நட்டு உண்டாம். தகட்டில் ஓட்டை போட்டு மேலிருந்தே சொருகி, கருவியை மாட்டி அமுக்கினால், உள்ளே இருக்கும் பாகம் பிதுங்கித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் மேலேயே போல்ட்டை முடுக்கலாம். "நீ போய் வாங்கினாதான்க்கா கம்மியா முடியும்" என்று படம் போட்டுக் கொடுத்தான். அவனுக்கு மில்லில் லீவு இல்லை.

புதுச்சேரியில் சின்ன மணிக்கூண்டு அருகே செல்லப்பன் என்று ஒரு பழைய இரும்புக் கடைக்காரர். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று நீளக் கைப்பிடி, கனம், விலையும் கனம். மற்றது குட்டை. நான் குட்டையைக் கையில் எடுத்ததும் அவர் எதற்கு என்று கேட்டார். ஆள் உட்காரும் சீட்டுக்கு என்றேன்.

"அதுக்கு வேணாம்மா. போர்டு மாட்ட, பொட்டி மாட்டன்னா ஆவும். இத்த வச்சு அமுக்கினா நட்டு பாதிதான் கவ்வும். மொதல்ல நல்லாத்தான் நிக்கும். வண்டி ஆட ஆட நட்டே சுத்த ஆரம்பிச்சுடும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது."

நல்ல மனிதர். வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மை சொன்னார். நான் குட்டையைத்தான் வாங்கினேன், அதிலும் பேரம் பேசிக் குறைத்தேன். விலை உயர்ந்ததை வாங்கவும் என்னிடம் பணம் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து தம்பியிடம், "ஆளு ஒக்காந்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னு கடைக்காரரு சொன்னாருடா" என்றேன்.

வண்டியை மந்திரிக்க மாதா கோயிலில் ஃபாதரிடம் நாள் கேட்டு வைத்திருந்தோம். அதற்கு முந்தின வாரம் சவரி முகம் வாடி வந்தான். "ஒரு நட்டு சுத்துதுக்கா. இந்த டூல் சரியில்ல. நானே போயி மாத்திக்கினு வரேன்."

"செல்லப்பன் ஊர்ல இல்லடா, மவ கல்யாணம். ஃபாதர்கிட்ட நாள் சொல்லியாச்சு. கோயிலுக்குப் போயி வர்ற தூரந்தான? அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். செல்லப்பன் கடையில்தான் இருந்தார். அவருக்கு மகளே இல்லை.

உங்களிடம் என் தம்பி, 'நட்டு சுத்துறது எனக்குத் தெரியும் சார்' என்று சொன்னது இதைத்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு செல்வியின் அப்பா மரியசுந்தரம், என் மகளைக் கட்டினவனே கொன்றான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெற்ற மனசு, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

கோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்ததும், சவரி இடப்பக்கத்துச் சீட்டைத் துண்டால் துடைத்தான். "அக்கா, நீதான் மொதல்ல ஒக்காரணும். நீ இல்லாட்டி இந்த வண்டி ஏது?" செல்வியும் ஒதுங்கி நின்று என் கையைப் பிடித்தாள். "வாங்க அண்ணி, நான் நாளைக்கிப் போயிக்கிறேன்."

அந்தப் பெண்ணின் கை சூடாக இருந்தது. நேற்று வரை அந்தச் சூடு என் கையில் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வார்த்தை போதும், எல்லாம் நின்றிருக்கும். "கட்டிக்கினவ இருக்கும்போது நான் இன்னாத்துக்கும்மா? எனக்கு வெயில் ஆவாது" என்று அவளை நானே ஏற்றி உட்கார வைத்தேன். சேலை முந்தானை வெளியே தொங்கியது, எடுத்து மடியில் போட்டேன். "வந்தது வந்தீங்க, அப்படியே பாகூர் ஏரி வரைக்கும் போயிட்டு வாங்க" என்று சொன்னதும் நான்தான்.

அவர்கள் போனதும் கோயிலுக்குள் முட்டி போட்டு ஜெபமாலை சொன்னேன். இரண்டு பேருக்காகவும்தான் சொன்னேன்.

அபிஷேகப்பாக்கத்து வளைவில் எதிரே கரும்பு லாரி இவர்கள் பக்கத்திலேயே ஏறி வந்ததாம். சவரி வலப்பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கிறான். கதவு இன்னும் மாட்டவில்லை. நட்டுகள் தகட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சீட்டு அவளோடு சேர்ந்து ரோட்டில் போய் விழுந்தது. லாரியின் பின்சக்கரம் அவள்மேல் ஏறியது. வண்டியில் இருந்த என் பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அவன் சீட்டு அசையவே இல்லை. போல்ட்டும் நட்டும் போட்டது ஆயிற்றே.

ஆகவே செல்வியைக் கொன்றது நான். தெரிந்து வாங்கினேன், தெரிந்து பொய் சொன்னேன், தெரிந்து உட்கார வைத்தேன். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. செல்லப்பனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், என்னை அவருக்கு நினைவிருக்கும்.

நான் சொன்னதை, அவனை அடைத்து வைத்திருக்கும் அந்த அறையில் அவனிடம் போய்ச் சொன்னீர்களாம். என்னைப் பார்க்கவே மாட்டேன் என்றானாம். பசி வந்தால் அவன் அப்படித்தான் பேசுவான், சின்னப் பிள்ளையிலிருந்தே. இனி நெய்வேலிக்கும் போக வேண்டியதில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், ஐயா. காலையிலேயே வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டுத்தான் வந்தேன். எங்கள் இரண்டு பேரையும் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுங்கள், முள் எடுத்துக் கொடுக்க நான் இல்லாவிட்டால் அவன் சாப்பிட மாட்டான்.