கழுத்துக் கட்டியின் இரண்டாவது டெஸ்ட்

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அக்கா கழுத்தைத் தொட்டபடி சொன்னாள்: "நாம துணி எடுக்க மலைக்கோட்டைக்குப் போகலைடி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

தங்கை காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊசி குத்திப் பாத்தாங்களே, அதுல தெரியலையா?"

"தைராய்டு கட்டி சாதாரணமானதா, கேன்சரான்னு அதுல பிடிபடலையாம். அதான் கட்டியோட செல்லுல எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பாக்க அனுப்பினாங்க. ரிசல்ட் வந்துடுச்சு."

"என்னவாம்?"

"போன்ல சொல்லலை. நேர்ல வரச் சொன்னாங்க."

"எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, அக்கா."

"தனியா வர வேண்டாம்னும் சொன்னாங்கடி."