வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து

வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பில் எழுதுவதுதான் நல்லது, ஐயா. கறுப்பின் மேல் வெள்ளையில் எழுதினால் முதல் வருஷம் பளிச்சென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் எழுத்து உதிர்ந்து வெறும் பலகைதான் நிற்கும். விளக்குக்கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து எழுதிய எழுத்து அப்படிப் போகாது. வெள்ளத்தில் கிடந்து எடுத்தாலும் படிக்கலாம்.

உங்கள் விசாரணை அறிக்கையை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் ஒரு திருத்தம் வேண்டும். "முக்கில் தொங்கிய எழுத்துப் பலகை ஓவர்சியர் கிருபைராஜ் செய்துவைத்தது" என்று இருக்கிறது. அது சரியல்ல. எழுதியது நான். தொங்கவிட்டதும் நான். அவர்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்வதாக எண்ணவேண்டாம். அவருக்கு ஒரு நேர்கோடு போட வராது. அந்தப் பலகையை அவர் பெயரில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

என் பெயர் ஐயம்பெருமாள். பதினான்கு வருஷமாகச் சாலைப் பலகைகளும் மைல்கற்களும் எழுதுகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் நீங்கள் பார்த்த எழுத்தெல்லாம் என் கை. அதில் ஒன்பது வருஷம் கிருபைராஜும் நானும் ஒரே வண்டியில் போய் வந்தோம். பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் நான் கிறிஸ்துமஸ் பலகாரம் தின்றிருக்கிறேன். என் வீட்டுப் பொங்கலுக்கு அவர் வராத வருஷம் இல்லை. பலகை எழுதி முடித்ததும் நாற்பது அடி பின்னால் போய் நின்று உரக்கப் படிப்பது என் வழக்கம். மற்ற ஓவர்சியர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை. கூடவே வந்து நின்று அவரும் படிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில், சாலை பிரிகிற இடமெல்லாம் கைகாட்டி வைக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. என்ன மாதிரி வைக்கலாம் என்று நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். எழுத்து ஆறு அங்குல உயரம். மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம். படம் எதுவும் கூடாது. படத்தைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவன் சாகும்வரை படத்தைத்தான் பார்ப்பான். எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் என்றைக்காவது ஒருநாள் படித்துவிடுவான். இதைத்தான் எழுதியிருந்தேன். கிருபைராஜ் முழுக்க வாசித்தார்.

"உம்ம எழுத்துதான் வே நிக்கப் போவுது. நான் பேசுதேன்" என்றார்.

அந்த மாதமே என்னை அம்பாசமுத்திரம் பக்கம் மைல்கல் எழுத அனுப்பினார். மூன்று வாரம் வேலை. திரும்பி வந்தபோது ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே சாலை பிரிகிற அந்த முக்கில் மூன்று தகடுகள் தொங்கின. உடன்குடிப் பாதைக்கு ஒரு பனைமரம். ஆழ்வார்திருநகரிப் பாதைக்குக் கோபுரம். ஆற்றுத்துறைக்கு இறங்குகிற பாதையில் சிவப்புச் சாயத்தில் விரித்த கை ஒன்று. ஊர்ப் பெயர்கள் அடியில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன.

நான் இல்லாத நாட்களில் என் பலகை ஒன்றையும் படத்தகடு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, போகிற வருகிற வண்டிக்காரர்களிடம் எது வசதி என்று கேட்டிருக்கிறார்.

"நூத்தி நாப்பது பேருகிட்ட கேட்டேன் வே. நூத்தி முப்பத்தாறு பேரு படத்தைத்தான் காட்டுதான்."

"மீதி நாலு பேர்?"

"அவனுகளுக்கு உம்ம பலகைதான் பிடிச்சிருக்காம். ஏம்லேன்னு கேட்டேன். வெள்ளையா இருக்குல்லா, மாடு மிரளாதுங்கான்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீரு அங்கனயே நின்னு ஒவ்வொருத்தனுக்கும் அரிச்சுவடி எடுப்பீரு. கோவிக்காதேயும் வே. இனி பனைமரத்தை நீரே வரையும். நான் வரைஞ்சா தென்னை மாதிரி வருது."

கேட்டது தவறில்லை ஐயா. யாரும் கேட்கலாம். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கேட்டார். அதற்காகவே என்னை அனுப்பிவைத்தார். இதை மட்டும் உங்கள் அறிக்கையில் எங்கேயாவது ஓரிடத்தில் எழுதுங்கள்.

வரைந்து கொடுத்தேன். நாற்பத்தொரு பனைமரம், பத்தொன்பது சிவப்புக் கை.

சிவப்புக் கையின் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். முக்கிலிருந்து ஆறு தெரியாது, நடுவே வாழைத்தோட்டம். நேரே போனால் துறையில் இறங்கி அக்கரை ஏறலாம். வலது கையில் திரும்பினால் ஐந்து மைல் சுற்றிப் பாலம். ஆற்றில் வெள்ளம் வந்தால் முக்கில் சிவப்புக் கை தொங்கும், வண்டி திரும்பிவிடும். கை இல்லையென்றால் துறைக்குப் போகலாம். போன வருஷம் வெள்ளத்தில் ஒரு வண்டிகூட இறங்கவில்லை. அதை மறைக்க எனக்கு எண்ணமில்லை. அந்தக் கை நன்றாகவே வேலை செய்தது.

இந்த ஐப்பசியில் முக்கிலிருக்கிற கொட்டகை என் பொறுப்பில் இருந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தபால்காரர் கிருபைராஜின் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "மலையில் பெருமழை. தண்ணீர் ஏறுகிறது. கையைத் தொங்கவிடும். மறந்துவிடாதேயும்." சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தருகிறேன்.

நான் மறக்கவில்லை. ஒரு வருஷமாகக் கொட்டகையில் ஒரு பலகை தயாராக வைத்திருந்தேன். தேக்குப் பலகை, மூன்று பூச்சு வெள்ளை. "ஆற்றில் வெள்ளம். இறங்கக் கூடாது. பாலத்து வழியே போகவும்." சிவப்புக் கை தொங்கவேண்டிய ஆணியில் அதை மாட்டினேன். கையைக் கொட்டகைக்குள் சுவரோரம் வைத்து, நனையாமலிருக்கச் சாக்குப் போட்டு மூடினேன். பிறகு நாற்பது அடி பின்னால் போய் நின்று படித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கருப்பட்டி வண்டி வந்தது. வண்டிக்காரன் பலகையைப் பார்த்தான், நேரே போய்விட்டான். அவன் அச்சளவு தண்ணீரில் தட்டுத்தடுமாறி அக்கரை ஏறிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அடுத்தது கூண்டுவண்டி. உள்ளே மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை சாரம்மாள். திரையை விலக்கி, ஒரே மூச்சில் படித்தார். "வண்டியைத் திருப்பும், ஆத்துல வெள்ளமாம்" என்றார். என்னைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்குய்யா. தூரத்திலேயே தெரியுது" என்றார். அந்த ஒரு பேச்சைக் கிருபைராஜ் கேட்டிருக்க வேண்டும். அவர் மட்டும் அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

மூன்றாவது வண்டியைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஓட்டியவன் மாரிக்கண்ணு. அக்கரையில் பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்க்கப் போன பிரம்மநாயகி அம்மாள் உள்ளே இருந்தார். கூட இரண்டு பேத்திகள். அந்த வண்டி முக்கில் நிற்காமலே போய்விட்டது என்று முதல் நாள் சாட்சி சொன்னேன். அது சரியல்ல. நின்றது.

மாரிக்கண்ணு கயிற்றைப் பிடித்து இழுத்து, "கையைக் காணலியே அண்ணாச்சி. ஆறு வடிஞ்சிட்டோ?" என்றான்.

நான் பலகையைக் காட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"அதிலேயே இருக்கு" என்றேன்.

அவன் சிரித்தான். "நமக்கு எங்க அண்ணாச்சி அதெல்லாம்? ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கு. கையை எடுத்துட்டாவ, அப்போ போலாம்னுதானே கணக்கு?"

உள்ளேயிருந்து அம்மாள், "ஏலே மாரி, பேசிக்கிட்டே நிப்பியா? மழை வருமுன்ன போய்ச் சேரணும்லே" என்றார்.

மூத்த பேத்திக்கு ஆறு ஏழு வயதிருக்கும். அவள் வண்டியின் பின்பக்கம் தலையை நீட்டி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். "ஆற்றில்" என்று சரியாகச் சொன்னாள். அடுத்த சொல்லுக்கு வாயெடுக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. வாழைத்தோட்டத்துத் திருப்பம் வரைக்கும் அவள் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் போனாள். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் முழுக்கப் படித்திருப்பாள். ஆறங்குல எழுத்து என்று நான் விண்ணப்பத்தில் எழுதினேன் இல்லையா? அது எவ்வளவு சரி என்று அந்தப் பிள்ளை காட்டிவிட்டது.

நான்கு பேரின் உடலையும் மறுநாள் மத்தியானம் கரையில் எடுத்துப் போட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கிருபைராஜ் கரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "கையைத் தொங்கவிட்டீரா வே?" என்றார். "பலகை தொங்குது" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம், கையை வைக்கத் தவறியது தானே என்று அவர் எழுதிக்கொடுத்தாராம். அதையும் என்னிடம் கேட்காமல்தான் செய்தார்.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. மாரிக்கண்ணு நின்றான், கேட்டான், நான் பக்கத்திலேயே இருந்தேன், ஆற்றில் வெள்ளம் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மைதான் ஐயா. ஆனால் வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் பலகை எதற்கு?