ரோலருக்கு ஒரு தடுப்பு

எனக்குச் சண்டை என்றாலே ஆகாது, ஐயா. வீட்டில் வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். சினிமாவுக்குப் போகலாமா என்று மனைவி கேட்டால்கூட, "பார்க்கலாம்மா" என்பேன். அவளும் என்னோடு சண்டை போட்டதில்லை, பிடிகொடுத்தால்தானே போடுவாள்.

ரப்பர் தொழிற்சாலையில் நான் பணியாளர் மேலாளர். சேர்ந்த புதிதில் கம்பெனி வக்கீல் எனக்குப் பாடம் எடுத்தார். "அவங்க கேட்கணும், நீங்க மறுக்கணும். ரெண்டும் நடந்தாத்தான் அது உண்மையான தொழில் தகராறு. சும்மா கேட்டுட்டே இருந்தா அது வெறும் பேச்சு. கோர்ட்டுல நிக்காது." எனக்கென்றே செய்த வேலை என்று மனம் குளிர்ந்துவிட்டது.

ரோலர் மெஷின் ஓட்டும் ஆள் ஒருவன். எல்லோரும் நெட்டை என்பார்கள். மெஷினுக்கு ஒரு தடுப்பு கேட்டு வந்தான். குனிந்து ரப்பரைத் தள்ளும்போது சட்டைக் கையை இழுக்கிறதாம். "பார்க்கலாம்ப்பா" என்றேன். அடுத்த தடவை சங்கச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவருக்கும் டீ வரவழைத்தேன்.

"முடியும்னா முடியும்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க சார். நாங்க மேல போய்ப் பார்த்துக்கறோம்" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் எப்பங்க இல்லேன்னேன்?"

பாவம், மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். நெட்டை மட்டும், "சார் மனசு வெச்சா நடக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். தங்கமான ஆள். எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு.

ரோலர் அவனைத் தோள்வரை இழுத்துக்கொண்ட அன்று, மொத்தத் தொழிற்சாலையும் வேலையைப் போட்டுவிட்டு என் அறை வாசலில் திரண்டது. ஒரு வார்த்தை பிசகினால் அசல் தகராறு. அவர்கள் வாய் திறக்கும் முன்பே ஃபிட்டரை அனுப்பித் தடுப்பை மாட்டச் சொன்னேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கோரிக்கை நிறைவேறிவிட்டது; அப்புறம் ஏது தகராறு?

அவ்வளவு சீக்கிரம் தடுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். மெஷினோடு வந்ததுதான். ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை நானே வைத்திருந்தேன். கேட்டதும் கொடுத்தால் நாளைக்கு மின்விசிறி கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் வழக்கு. அவன் செத்துப்போகலாம் என்று தெரியும், ஐயா, நன்றாகவே தெரியும். தனியாள் ஒருவன் செத்தால் அது விபத்து, தகராறு ஆகாது என்பதும் தெரியும்.

அடக்கம் முடிந்து அவன் மனைவி வந்தாள். நாற்காலி போடச் சொன்னேன், உட்காரவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றுமே கேட்காமல் போய்விட்டாள். அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். வாய் விட்டுக் கேட்டிருந்தால் நான் மறுத்தா இருப்பேன்?